வாட்டம்

இந்த வீட்டில் ஒரு விடயத்தையாவது நானே தீர்மானிப்பது என்று அறுபத்திமூன்றாவது வயதில் முடிவெடுத்தேன். விடயம், குளியலறை.

வீடு பண்டத்தரிப்பில் இருக்கிறது. என் மனைவி கேதீஸ்வரிக்குச் சீதனமாக வந்தது. அவளுடைய பாட்டனார் கட்டிய கல்வீடு, சுவர் இரண்டடித் தடிப்பு. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பெட்டி புத்தகத்தோடு மாப்பிள்ளையாக வந்து இறங்கினேன். முன்பக்கத்தில் ஒரு சின்ன அறை வெறுமையாகக் கிடந்தது. பெட்டியை அதற்குள் வைத்தேன். அன்றிலிருந்து அது என் அறை. வீட்டில் எனக்கென்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளுடையது, என்னையும் சேர்த்து.

குளியலறை பின்பக்கம், கிணற்றடியில் இருந்தது. இரண்டு படி இறங்க வேண்டும். கேதீஸ்வரிக்கு முழங்கால் வருத்தம். குளியலறையை முன்னுக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிவந்தாள். முன்னுக்கு இருப்பது என் அறை. ஆகவே பழைய இடத்திலேயே புதுக் குழாய், புதுக் கொமட், படியில் ஒரு கைபிடி எல்லாம் போட்டுத் தருகிறேன் என்று நானும் ஒரு வருடமாகச் சொல்லிவந்தேன்.

ஒரு காலை அவள் திடீரென்று ஒத்துக்கொண்டாள்.

"ஓம், உங்கடை விருப்பப்படி செய்யுங்கோ. நான் உடுப்பிட்டிக்குத் தங்கச்சி வீட்டை ஒரு கிழமை போட்டு வாறன்."

அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். ஓட்டோவில் ஏறியவள் தலையை வெளியே நீட்டினாள்.

"வாட்டத்தை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒரு கிழமைப் பிரிவு. அதற்கே என் முகம் வாடிவிடும் என்று கவலைப்படுகிறாள்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எனக்கொரு வாட்டமும் வராது" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஓட்டோவைப் போகச் சொன்னாள்.

மறுநாள் குழாய் வேலைக்குச் செந்தூரன் வந்தார். நாற்பது வயது இருக்கும். அதிகம் கதைக்காதவர். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பொருட்கள் வந்து இறங்கின. தடித்த கழிவுக் குழாய் இரண்டே இரண்டு இருந்தது. இவ்வளவு பெரிய வீட்டுக்கு இரண்டு போதுமா என்று கேட்டேன். காணும் என்றார்.

குளியலறைச் சுவரை உடைத்தார். கல்லுக்குள் இரும்புக் குழாய் ஆலம் வேர்போல ஓடியது. செந்தூரன் ஒரு துண்டை வெட்டி என் கையில் தந்தார். வெளியே முக்கால் அங்குலக் குழாய். உள்ளே எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்து, நடுவில் ஓர் ஈர்க்கு நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. கண்ணில் வைத்துப் பார்த்தேன். வானம் கடுகு அளவில் தெரிந்தது.

"இதுக்குள்ளாலைதான் மாஸ்டர் இவ்வளவு நாளும் குளிச்சனீங்கள்."

குளிக்கப் போனால் ஏன் ஒரு மணித்தியாலம் என்று கேதீஸ்வரி கேட்கும்போதெல்லாம், நான் ஆழமாக யோசிப்பவன் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

இது சின்ன வேலை, குழாயை மாற்றிவிடலாம் என்றார் செந்தூரன். பெரிய வேலை மலக்குழி. அவர் குழியிலிருந்து கிணறுவரை நடந்து பார்த்தார். பத்துக் காலடி. இந்தக் குழிக்குள் இனிக் கழிவு விடக்கூடாது, எங்கள் நிலத்துக் கல் முழுக்க வெடிப்பு, எது எந்த வழியால் கிணற்றுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது என்றார். இவ்வளவு காலமும் இருந்த குழிதானே என்று நான் வாதாடினேன். அவர் என் கையைப் பார்த்தார். "கிணத்துத் தண்ணியிலையோ தேத்தண்ணி போட்டது?" என்று மட்டும் கேட்டார்.

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

கிணற்றிலிருந்து விலகிப் புதுக் குழி வெட்ட வளவில் ஒரே இடம், முன்மூலை. அந்த மூலையில் நட நான் மூன்று முறை மாங்கன்று கொண்டுவந்திருக்கிறேன். மூன்று முறையும் கேதீஸ்வரி விடவில்லை. ஏன் என்று சொன்னதுமில்லை. அது நல்லதாய்ப் போயிற்று, பின்பக்கத்திலிருந்து அங்கே குழாயை இழுத்துவிடலாம் என்றேன்.

செந்தூரன் உள்ளே இருப்பது தெரியும் ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினார். தண்ணி மட்டம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் பழைய குளியலறையில் நின்றேன். மற்ற முனையோடு அவர் முன்மூலைக்குப் போனார். குழாய் மூன்று திருப்பம் திரும்பி, இரண்டு வாசல் தாண்டிப் போயிற்று. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் தண்ணீர் இரண்டு பக்கத்தையும் பார்த்தது. என் பக்கம் இடுப்பளவில் நின்ற தண்ணீர், அவர் பக்கம் முழங்காலடியில் நின்றது.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சமவுயரக் கோடு படிப்பித்தவன் நான். என் வளவு எந்தப் பக்கம் சரிகிறது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கையளவு தண்ணீருக்குத் தெரிந்திருந்தது.

"முன்பக்கம்தான் உயரம் மாஸ்டர். பின்னாலையிருந்து குழாய்க்கு வாட்டம் வராது. தண்ணியே மேலை ஏறாது. மற்றது எப்பிடி ஏறும்?"

வாட்டம். ஓட்டோவுக்குள்ளிருந்து கேட்ட சொல். அவள் சொன்னது குழாயின் வாட்டம், தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. இப்போது என் முகத்தில் வந்தது மற்ற வாட்டம்.

முன்மூலைக்கு அருகில், உயரத்தில் ஓர் அறை வேண்டும். செந்தூரன் என் அறையைப் பார்த்தார். நான் செந்தூரனைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்ற இனி அந்த இரண்டடிக் கற்சுவர் ஒன்றுதான் இருந்தது. அதைத் துளைத்தால் வீடே ஆடும் என்றேன். அவர் என் புத்தக அலுமாரியை நகர்த்திவிட்டுச் சுவரின் அடியில் தட்டினார். டொக் என்றது.

பூச்சைச் சுரண்டினார். நாலங்குலக் குழாயொன்றின் வாய், பூவரசங்கட்டையால் அடைத்திருந்தது. கட்டையைப் பிடுங்கி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். ஒரு துளிகூடத் தேங்கவில்லை. சுவருக்குள் ஒரு பெருமூச்சுப்போலச் சத்தம் கேட்டது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். மாங்கன்று நட விடாத மூலைப் பக்கம் சுவரடி மண் நனைந்துகொண்டிருந்தது.

உடுப்பிட்டிக்குப் போன் எடுத்துக் கண்டதைச் சொன்னேன்.

"அது அப்பா உங்களுக்கெண்டு கட்டத் தொடங்கின குளியலறை" என்றாள் கேதீஸ்வரி. "படிச்ச மாப்பிள்ளை, கிணத்தடியிலை நிண்டு குளிக்கமாட்டார் எண்டு. அந்த நேரம் சண்டை, சீமெந்துக்குத் தடை. குழாயோடை நிண்டிட்டுது. நான்தான் தண்ணி மட்டம் பிடிச்சனான். கலியாணத்தண்டு நீங்கள் பெட்டியைக் கொண்டுபோய் அதுக்குள்ளை வைச்சிட்டியள்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"புது மாப்பிள்ளையிட்டை, நீங்கள் இருக்கிறது கக்கூசுக்குள்ளை எண்டு என்னெண்டு சொல்லுறது?"

முப்பத்திரண்டு வருடம். உலக இலக்கியம் முழுவதையும் நான் அதற்குள் இருந்துதான் வாசித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. சுவருக்குள் கேட்டதுபோல ஒரு பெருமூச்சுத்தான் வந்தது. மட்டம் தட்டப்பட்டது நான். ஆனால் மட்டம் பிடித்தவள் அவளல்லவா.

"ரெண்டு பைப் காணும்தானே எண்டு செந்தூரனிட்டை ஒருக்கால் கேளுங்கோ" என்றாள்.

கேட்டேன். காணும் என்றார். அக்கா போக முதலே சொல்லிவைத்த கணக்குத்தானாம்.

கிழமை முடிய அவள் வந்தாள். படி இறங்காமல் புதுக் குளியலறைக்குள் போய் நெடுநேரம் குளித்தாள். வெளியே வந்து, பழையது சும்மாதானே கிடக்குது, வெள்ளை அடித்தால் நல்ல அறை என்றாள்.

இப்போது இரண்டு படி இறங்கினால் என் அறை. இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். பேனை கைதவறி விழுந்தால் தேட வேண்டியதில்லை. நேரே உருண்டுபோய்த் தண்ணீர் போகிற ஓட்டையடியில் நிற்கும். வாட்டம் அப்படி.