புழுதி பூசிய மாப்பிள்ளை

குற்றாலத்தில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும் ஆள் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மூளைக்கும் எண்ணெய் இறங்கியிருக்கும். எனக்கு அன்றுதான் இறங்கியது. என் அக்காள் வீட்டுக்காரருக்கு, அதாவது அத்தானுக்கு, பிறவியிலேயே இறங்கியிருந்தது. (இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

அன்று செவ்வாய்க்கிழமை. எண்ணெய் தேய்ப்பவர் எங்களைப் புரட்டிப் புரட்டிப் பிசைந்து எழுப்பிவிட்டார். அருவிக்கரைக்குப் போனால் போலீஸ் விசில். மலையில் மழையாம், தண்ணீர் கூடிவிட்டதாம், குளிக்கத் தடையாம். கீழே ஒரு சொட்டு மழை இல்லை. எரிச்சலில் நின்ற என்னிடம் அத்தான் சொன்னார்:

"மாப்ளே, ஒனக்குப் பேசியிருக்க பொண்ணோட ஊரு அந்தா அந்த மலைக்குப் பின்னாலதான். பம்புசெட்டுல குளிப்போம். அப்படியே பொண்ணையும் ஒரு பார்வை பாத்துருவோம்."

தட்டித் தட்டிப் போய் எனக்குக் கடைசியாகக் கூடிவந்த சம்பந்தம் அது. பெண்ணை போனில் போட்டோவாகத்தான் பார்த்திருந்தேன். வெள்ளிக்கிழமை பூ, பழத்தோடு பெரியவர்கள் சகிதம் வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை பொறுக்க எனக்கு என்ன கேடு? இடுப்பு வேட்டியோடு ஏறினேன்.

அத்தான் காரில் ஏசி கிடையாது. கண்ணாடி இறங்கும், ஏறாது. மலையைச் சுற்றிப் போகிற மண்பாதையில் எங்களுக்கு முன்னால் ஒரு கல்குவாரி லாரி. அது கிளப்பிய புழுதி முழுவதும் என் எண்ணெய் உடம்பில் வந்து அப்பியது. முந்துங்கள் என்று கெஞ்சினேன், கத்தினேன். மலைப்பாதையில் பொறுமை வேண்டும் என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே உருட்டினார். ஊர் போய்ச் சேர்ந்தபோது நான் மாவில் முக்கிய பஜ்ஜி. எண்ணெயில் போட வேண்டியதுதான் பாக்கி.

பம்புசெட்டில் கரண்டு இல்லை.

வாய்க்காலில் கைப்பிடித் தண்ணீராவது இருக்குமா என்று தேடும்போது ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து நின்று, யார் வேண்டும் என்றாள். போட்டோவில் பார்த்த அதே முகம். நான் பம்புசெட்டுக்குப் பின்னால் பதுங்குவதற்குள் அத்தான் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவருதாம்மா மாப்பிள்ளை. ஒன்னையப் பாக்கத்தான் வந்துருக்காரு."

அவ்வளவுதான், வெடித்துவிட்டேன். "நீங்கள்லாம் ஒரு மனுசனா அத்தான்? ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா? என் கல்யாணத்தக் கெடுக்கதுக்குன்னே காரு வாங்கினீயளா? இனி என் மூஞ்சில முழிக்காதீய!" வயக்காடு அதிர்ந்தது.

அவள் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "செவ்வாக்கிழமை யாரும் பொண்ணு பாக்க வர மாட்டாவ. நீங்க வரல, நான் பாக்கல. எங்கப்பா வாரதுக்குள்ள கெளம்புங்க."

முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை, குளித்து, வெள்ளைச் சட்டையில் போனேன். சம்மதம் என்றாள். காரணம் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள்: "அவ்வளவு கோவத்துலயும் அத்தான 'நீங்க'ன்னுதான் ஏசுனீய. கோவத்துல மரியாதை தப்பாத ஆளுன்னா குடும்பம் நடத்தலாம்லா."

அவள் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் பார்ப்பவரின் மகள். வருகிற போகிற சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் இன்றைக்கும் இதைச் சொல்லிவிட்டு, என்னைக் காட்டி முடிப்பாள்: "சேப்பங்கெழங்க மண்ணோட பாத்துத்தான் எடுக்கணும். கழுவி வச்சிருந்தா நம்பப்படாது."

அதற்கு வீடே அதிரச் சிரிப்பவர் அத்தான்தான். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க என்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.