தலை நிமிராத நடுவர்கள்

ஒரு காட்டில், குன்றின்மேல் செல்போன் டவர் வந்ததிலிருந்து இரை தேடுவது இரண்டாவது வேலையாகிவிட்டது. முதல் வேலை வீடியோ கேம். சிலர் அதைச் செய்தார்கள், பலர் ஆடினார்கள், இரண்டும் வராதவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள்.

அங்கே இருளாண்டி என்று ஒரு மரநாய் இருந்தான். அவன் குடியிருந்த மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. மனைவி செம்பாயியும் கண் திறக்காத குட்டிகளும் ஒரு புதருக்கடியில் ஒண்டிக் கிடந்தார்கள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து சிங்கராஜா ஒரு போட்டி அறிவித்தார். காட்டிலேயே சிறந்த வீடியோ கேமுக்குப் பரிசு, ஆற்றங்கரை மருதமரத்துப் பொந்து. ஒரு சொட்டு ஒழுகாத பொந்து.

விதி எளிதுதான். நடுவர்கள் ஒவ்வொரு கேமையும் போதும் என்று தோன்றும்வரை ஆட வேண்டும். பிறகு பாறைமேல் ஏறி அதைப் பற்றிப் பேச வேண்டும். எதைப் பற்றி அதிகம் புகழ்ந்து பேசுகிறார்களோ அதற்குப் பொந்து. மழைக்காலத்தின் முதல் இடி இடித்ததும் போட்டி முடிந்துவிடும். இந்த விதியில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை, இருளாண்டிக்கும்தான்.

போட்டிக்கு வந்தவை இரண்டே கேம்கள்.

ஒன்று நீலமேகம் என்ற மயில் செய்தது. அதில் தந்தையை இழந்த ஒரு மயில் ஏழு பிறவிகளில் அவரைத் தேடி அலைந்தது. ஒவ்வொரு மழைத்துளியிலும் ஒரு முகம் தெரிந்தது. குயில்கள் கூட்டமாகப் பாடின. ஆடுகிறவருக்கு வேலை, அம்புக்குறி வரும்போது அமுக்குவது. அம்புக்குறி வராதபோது அமுக்கினால், ‘பொறு, நினைவுகூர்கிறேன்’ என்று திரையில் எழுத்து வரும்.

இன்னொன்று இருளாண்டி செய்தது. ஓடை, கற்கள், ஒரு தவளை. கல்லில் ரொம்ப நேரம் நின்றால் கல் அமிழும். லேசாகத் தொட்டால் சின்னத் தாவல், அழுத்தித் தொட்டால் பெரிய தாவல். தாவுவதற்கு முன் தவளை ஒரு கணம் முதுகைக் குறுக்கும், அவ்வளவுதான். தண்ணீரில் விழுந்தால் தவளைமேல் கோபம் வராது. ‘சே, நான்தான் அவசரப்பட்டுட்டேன்’ என்று தோன்றும். இதற்காக அவன் எத்தனையோ நாள் தவளைகளைத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் மயிலின் கேம். நடுவர்களான யானை பெரியநாயகி, கரடி ஒச்சப்பன், கொக்கு வெள்ளையப்பன் மூவரும் ஆடினார்கள். சீக்கிரமே போதும் என்று தோன்றிவிட்டது. பொழுதோ நிறைய மிச்சம். பாறைமேல் ஏறினார்கள்.

“என்ன ஆழம், என்ன ஆழம்” என்றான் கொக்கு.

“எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு” என்றாள் யானை. கொட்டாவி விட்டாலும் அவளுக்குத் தண்ணீர் வரும். அதை அவள் சொல்லவில்லை.

“எனக்கு ஒண்ணும் புரியல. அதனாலதான் அது பெரிய விஷயம்ங்கறேன்” என்றான் கரடி.

சாயங்காலம்வரை பேசினார்கள். கீழே நீலமேகம் தோகையை விரித்து, அடக்கத்தோடு தலைகுனிந்து நின்றது.

மறுநாள் இருளாண்டியின் கேம். கரடி ஒரு நகத்தால் தொட்டான். யானை துதிக்கை நுனியால் தொட்டாள். கொக்கு அலகால் கொத்தினான். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தவளை பிழைக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான்.

வெயில் ஏறியது, இறங்கியது. பாறை காலியாகவே கிடந்தது.

இருளாண்டி யானையிடம் போனான். “அக்கா, பாறைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க.”

“வரேன்டா தம்பி, இந்தக் கல்லு ஒண்ணு.”

கரடியிடம் போனான். “மாமா, எப்படி இருக்கு?”

“எது?” என்றான் கரடி. தேன் கூடு ஒன்று தலைக்குமேல் தொங்கியது, அதையே அவன் பார்க்கவில்லை.

மேற்கே மேகம் கறுத்தது. செம்பாயி குட்டிகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஏங்க, நடுவுல ஒரு கதையச் சொருகுங்க. தவளையோட அப்பன் செத்துட்டான்னு நீட்டி முழக்குங்க. அப்பவாச்சும் தலையத் தூக்குவாங்க. தூக்குனா பாறைக்கு வருவாங்க.”

“தவளை எதுக்குடி அழணும்? அது பாட்டுக்குத் தாவிட்டுப் போகுது.”

“அது தாவட்டும். உங்க புள்ளைங்க நனையணுமா?”

இருளாண்டி செல்போனை எடுத்தான். அவன் மாற்றினால் எல்லோர் போனிலும் உடனே மாறும். ஒரு சின்னச் சலிப்பு போதும், பொந்து கிடைத்துவிடும். தவளையின் தந்தை இறக்கும் காட்சிக்கு இடம் தேடி ஓடையைத் திறந்தான். திறந்தபோதுதான் கவனித்தான், கல்லைத் தொட்ட பிறகு தவளையின் பின்னங்கால் ஒரு இமைப்பொழுது தாமதமாக மடங்கியது.

இதை இப்படியே விட அவனால் முடியவில்லை. காலைச் சரிசெய்தான். சரிசெய்ததும் தாவல் வெண்ணெய் மாதிரி ஆனது. தானே கொஞ்சம் ஆடிப் பார்த்தான்.

“சொருகிட்டீங்களா?” என்றாள் செம்பாயி.

“இரு, இந்தக் கல்லு ஒண்ணு.”

இடி இடித்தது.

சிங்கராஜா பாறைக்கு வந்தார். “மயிலைப் பற்றி ஒரு பொழுது முழுக்கப் புகழ்ந்திருக்கிறார்கள். மரநாயைப் பற்றி நடுவர்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை. பொந்து மயிலுக்கு.” இதைச் சொல்லும்போது அவரும் தலை நிமிரவில்லை. அவருடைய போனில் தவளை ஓடையின் பாதியைத் தாண்டியிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. யாருக்கும் கை ஒழியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. புதர் ஒழுகியது. இருளாண்டி குட்டிகளைக் கவ்விக்கொண்டு மனைவியோடு மருதமரத்துக்குப் போனான். பொந்துக்குள் நீலமேகம் தோகையை மடக்கி உட்கார்ந்து, கால் நகத்தால் போனைத் தொட்டுக்கொண்டிருந்தது.

குட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, மழை விடற வரைக்கும் புள்ளைங்கள மட்டுமாவது உள்ள விடுங்க” என்றான்.

“விடறேன் தம்பி, நமக்குள்ள என்ன” என்றது மயில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்த ஒரு கல்லத் தாண்டிக்கிறேன்.”

நனைந்தபடி இருளாண்டி எட்டிப் பார்த்தான். தவளை முதுகைக் குறுக்கியது.

“இப்ப விடாதீங்கண்ணே,” என்றான், “இன்னும் கொஞ்சம் அழுத்துங்க.”

செம்பாயி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குட்டிகளைக் கவ்விக்கொண்டு மழைக்குள் நடந்தாள்.

நீதி: ஆட்டம் அருமையாக இருந்தால் அதைப் பாராட்ட எவருக்கும் நேரம் கிடைக்காது. ஆகவே, குடும்பம் உள்ளவர்கள் கேமில் ஆங்காங்கே கொட்டாவிக்கு இடம் விட்டுச் செய்யவும்.