நிரந்தரத் தீர்வு வரும்வரை ஒரு பல்பு

பெருந்தீர்வுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஒழுகுகிற இடத்தில் கொஞ்சம் சிமெண்ட் பூசினால் இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். கூரையையே மாற்றும் திட்டம் ஒன்று கைவசம் இருக்கும். அது வருகிறவரை அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, அதைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்மவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர்.

அங்கே கேட்டிலிருந்து மாடிப்படிவரை ஒரு நடைபாதை. நடுவில் விளிம்பு உடைந்த ஒரு படி. படியை ஒட்டி ஒரு விளக்குக் கம்பம், அதில் ஃப்யூஸ் போன பல்பு. செயலாளரின் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. இருட்டிய பிறகுதான் திரும்புவாள். ஏற்கெனவே ஒருமுறை அந்தப் படியில் கால் பிசகி, ஒரு வாரம் நொண்டியிருக்கிறாள்.

"ஏங்க, அந்த பல்ப மாத்திடுங்களேன்."

"உலகம் எங்க போயிட்டிருக்கு, நீ பல்புங்கற."

உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை அவர் கைபேசியில் பார்த்து வைத்திருந்தார். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இருட்டில் தானாக ஒளிரும் பெயிண்ட். கரண்ட் வேண்டாம், கம்பம் வேண்டாம். மனிதர் சொக்கிப்போனார். மாதிரிக்கு அது பூசிய ஒரு சில்லு வரவழைத்து, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரையும் குளியலறைக்குள் அழைத்துப்போய், சில்லை முதலில் ட்யூப் லைட்டில் காட்டி, பிறகு விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, "பாத்தீங்களா?" என்று கேட்பார். பார்த்தோம் என்று சொல்லும்வரை கதவு திறக்காது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி. "அது வர்ற வரைக்கும் ஒரு பல்பு?"

"அதான் வரப்போகுதே. நடுவுல எதுக்கு பல்பு?"

இந்த இனத்தின் வேதமே இதுதான்.

பெயிண்ட் வந்தது, பெயிண்டரும் வந்தார். உடைந்த படியைப் பூசிவிடட்டுமா என்று கேட்டார். "வேண்டாம்பா. ராத்திரியில பளிச்சுனு தெரியப்போகுது. தெரிஞ்ச பள்ளத்துல யாராவது விழுவாங்களா?" என்றார் செயலாளர். பெயிண்டர் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

திறப்பு விழாவுக்கு முன்னால் யாரும் மிதித்துவிடக் கூடாதே, காக்கை அசிங்கம் பண்ணிவிடக் கூடாதே. கறுப்புத் தார்ப்பாய் ஒன்றை வாங்கிப் பாதை நெடுக இழுத்து மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தார். ஒரு வாரம் குடியிருப்பே பக்கத்துச் சேற்றில் நடந்தது.

விழா அன்று மாலை இருட்டியதும், வீடு வீடாகப் போய் விளக்குகளை அணைக்கச் சொன்னார். கைபேசி வெளிச்சம்கூடக் கூடாது என்று காலையிலேயே மனைவி உள்பட எல்லாருக்கும் உத்தரவு. நாற்காலிகள் நிறைந்தன. மைக்கைக் கையில் பிடித்தபடி தார்ப்பாயை உருவினார்.

கும்மிருட்டு.

"கண்ணு பழகணும். கொஞ்சம் பொறுங்க," என்றார். பொறுத்தார்கள்.

"எனக்கு லேசா தெரியற மாதிரி இருக்கு," என்றது ஒரு குரல். உடனே பலருக்கும் லேசாகத் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் பச்சை நிறம் என்றுகூடச் சொல்லிவிட்டார்.

செயலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாகப் பெயிண்ட் பட்டினி. குளியலறையில் அத்தனை பேருக்கும் வெளிச்சம் காட்டிக் காட்டி விளக்கியவருக்குத் தார்ப்பாய் போடும்போது இது தோன்றவில்லை. விளக்கைப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக் பிடித்த பெருந்தீர்வுக்காரர் அப்படிச் சொல்லி எங்காவது கேட்டிருக்கிறீர்களா? "அன்பார்ந்தவர்களே, நிரந்தரத் தீர்வு என்பது..." என்று தொடங்கினார்.

கேட் கிரீச்சிட்டது. காலையில் சொன்ன சொல்லை மதித்து, கைபேசி வெளிச்சம் இல்லாமல், புதுப்பாதையை நம்பி மனைவி நடந்து வந்தாள். படி இருந்த இடத்தில் 'அம்மா' என்ற சத்தம் கேட்டது.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். அதில் பாசாங்கு இல்லை. "என் தப்புதான்மா," என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டபோது அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. சுற்றிலும் அத்தனை கைபேசிகளும் எரிந்தன. கணுக்கால் வீங்கிவிட்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து, கைபேசிகளை அணைத்துப் பைக்குள் போட்டார்கள்.

கைபேசி வெளிச்சத்தைக் குடித்திருந்த பாதை ஒளிர்ந்தது. பச்சைப் பசேலென்று, உடைந்த விளிம்புவரை துல்லியமாக. ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் படவில்லை: கால் நீட்டி உட்கார்ந்த ஒரு பெண்ணின் அளவுக்கு அங்கே இருட்டு.

நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்ற செயலாளர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை மனைவி பார்த்தாள்.

"சொல்லிடுங்க."

"என்னத்த?"

"வாய் வரைக்கும் வந்துடுச்சே, அத."

"ஒண்ணுமில்ல," என்றார். பிறகு அடக்கமாட்டாமல், "வேலை செய்யுது, பாத்தியா," என்றார்.

பல்பு இன்னும் மாறவில்லை. நடந்தால் மின்சாரம் தரும் தரை ஓடு ஒன்று இருக்கிறதாம். காலில் கட்டோடு இருக்கும் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயில் ஒரு துணி சுற்றியிருக்கிறதே, வீட்டையே புதுப்பிக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுற்றியது யார்? அங்கே தரை ஈரமாக இருக்கும். வீட்டில் இருப்பவர்களைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள்.