சந்தேகமே இல்லாத ரத்தம்

பிள்ளை பிறந்து ஒரு நாள் முடிவதற்குள் தராசுக்காரர் அதன் ரத்தப் பரிசோதனைத் தாளில் தப்பு கண்டுபிடித்துவிட்டார். கடை கடையாகப் போய்த் தராசு ஒழுங்காக நிற்கிறதா என்று சோதிக்கும் அரசாங்க உத்தியோகம் அவருக்கு. எண்ணைக் கண்டால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது.

"வெள்ளை அணு பதினெட்டாயிரமாம்!" என்றார், கட்டிலில் படுத்திருந்த மனைவியிடம். "நாலாயிரத்துலேர்ந்து பதினோராயிரம் வரைக்கும்தான் இருக்கணும்னு போன்ல போட்டிருக்கு."

"டாக்டரம்மா பதினோரு மணிக்கு வருவாங்க. அவங்களையே கேளுங்களேன்."

"அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரச் சொல்றியா?"

பாவம் மனுஷன்! எட்டு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போவதாக இருந்தார்கள்.

நர்ஸம்மாவிடம் ஓடினார்.

"சார், பச்சைக் குழந்தைக்கு..."

"அதெல்லாம் வேண்டாம். மறுபடி எடுங்க!"

அரை மணி நேரம் அவர் படுத்தின பாட்டில், ஆளை விட்டால் போதும் என்று பிள்ளையின் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்தார்கள். அது ஆஸ்பத்திரியையே கூட்டி அழுதது. புதுத் தாளில் இருபத்தோராயிரம்.

"மூவாயிரம் ஏறிடுச்சே!"

"அழுதா ஏறும் சார்."

"அழுதா கண்ணீர் வரும். அணுவா வரும்?"

மனைவியின் தாளையும் புரட்டினார். அவளுக்குப் பதினாறாயிரம். அதை வாய்க்குள்ளேயே வைத்திருக்கலாம். போய்ச் சொன்னார். அதுவரை நிம்மதியாகப் படுத்திருந்தவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்கிட்டேயிருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்குங்க!"

மனைவி அழுததைப் பார்த்ததும் அவர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அந்தத் தவிப்பில்தான் மூளையில் பளிச்சென்று ஒன்று பட்டது.

"அழாதே. ஆளாளுக்குக் கூடுதலாக் காட்டினா கோளாறு மிஷின்ல! தராசு பொய் சொல்லுதான்னு நான் எப்படிப் பார்ப்பேன்? சந்தேகமே இல்லாத ஒரு எடைக்கல்லை வைப்பேன். அதையும் கூட்டிக் காட்டினா தராசு மேல தப்பு."

"ரத்தத்துல எடைக்கல்லுக்கு எங்கேங்க போறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? பத்து வருஷமா ஒரு மாத்திரை போட்டதுண்டா?"

ஆய்வுக்கூடத்தில் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். தாள் வந்தது. பத்தொன்பதாயிரம்! அப்படி ஒரு தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வார்டுக்கு வந்தார்.

டாக்டரம்மா வந்திருந்தார். மூன்று பேர் தாளையும் அவர் முன்னால் பரப்பினார் தராசுக்காரர்.

"பாருங்க டாக்டர், மூணு பேருக்கும் கூடுதல். உங்க மிஷின் பொய் சொல்லுது!"

டாக்டரம்மா நிதானமாகப் படித்தார்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. பிறந்த குழந்தைக்கு முப்பதாயிரம்கூட இருக்கலாம். பிரசவமான அம்மாவுக்கும் ஏறத்தான் செய்யும், தானா இறங்கிடும். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, தாராளமா வீட்டுக்குப் போகலாம்."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிமணிப் பையைத் தோளில் மாட்டி, முதல் ஆளாகக் கிளம்பினார்.

நர்ஸம்மா வாசலை மறித்து நின்றார்.

"பையைக் கீழே வெச்சுட்டு நீங்க படுங்க சார். மூணுல நார்மல் இல்லாதது உங்களோடதுதான்."