எந்த ‘ன’ போட்டீங்க?

“பேர் வெச்சியா, வெக்கலையாய்யா? அதைச் சொல்லு” என்றார் கிளார்க்.

“வெக்கல. லெட்டருக்கு எதுக்குங்க பேரு?” என்றார் லோடுமேன்.

கிடங்குக்கு இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் எங்கேயோ லோடுமேன் எழுதிய கடிதம் கிடந்தது. மூன்று மணிக்கு ஸ்டோர் கீப்பரம்மாவுக்கு வழியனுப்புக் கூட்டம். அந்த அம்மாள் நாளை முதல் வரமாட்டார். மணி இரண்டேகால்.

பதினாறு வருடமாக அந்த அம்மாள் ஒவ்வொரு பெட்டியின் லேபிளையும் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் சத்தமாகப் படித்துவந்தார். லோடுமேனுக்கு எழுத்து தெரியாது என்கிற விஷயம் அதனாலேயே வெளியே வராமல் போயிற்று. போன வருடம்தான், ஐம்பதைத் தாண்டி, மனைவியிடம் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டார். நேரில் நன்றி சொல்லக் கூச்சம். ஆகவே சாப்பாட்டு வேளையில், ஒரு வாரம், ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி முடித்திருந்தார். பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி.

“உள்ள இருக்கிற வார்த்தையைப் போட்டாலும் தேடித் தரும். முக்கியமா என்ன எழுதினே?”

“நன்றின்னு.”

கிளார்க் ‘நன்றி’ என்று அடித்தார். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கடிதங்கள் வந்து வரிசை கட்டின. கம்பெனி இதுவரை அனுப்பிய எல்லாக் கடிதமும் அந்தச் சொல்லில்தான் முடிந்திருந்தது.

“நம்ம கம்பெனிக்கு இவ்வளவு நல்ல மனசா” என்றார் கதவில் சாய்ந்திருந்த லாரி டிரைவர். “அண்ணன் எழுத்துல தேடுங்க சார். அண்ணே, எந்த ‘ன’ போட்டீங்க?”

“மூணுல ஒண்ணு.”

‘நண்றி’ என்று அடித்ததும் ஒரே ஒரு கடிதம் வந்தது. லோடுமேன் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். திறந்தால், மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதியது. மேனேஜர் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

“அது கீ ஒட்டிக்கிச்சு” என்றார் மேனேஜர். “நகருங்க, நான் பார்க்கிறேன்.”

கம்ப்யூட்டர் முழுவதையும் தேடும்படி தட்டினார். பச்சைக் கோடு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. பொறுமை போய் இன்னும் மூன்று முறை தட்டினார். திரையில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. கூட்டத்தில் கொடுக்க அவர் அடித்து வைத்திருந்த பாராட்டுப் பத்திரமும் எதன் அடியிலோ மாட்டிக்கொண்டது.

“என்னுதும் போச்சா?”

“போகல சார். இருக்கு. எங்கேன்னுதான் தெரியல.”

“மணி மூணாச்சு. அங்க காலி நாற்காலிதான் எனக்கு வழியனுப்பு நடத்திட்டிருக்கு. நீங்க என்ன இங்க?” என்று கேட்டுக்கொண்டே ஸ்டோர் கீப்பரம்மா வந்துவிட்டார்.

லோடுமேன் சொன்னார்: “உங்களுக்கு எழுதினதும்மா. தொலைச்சிட்டேன்.”

அம்மாள் திறந்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். “எந்த இடத்துல எழுதினீங்க? காட்டுங்க.”

லோடுமேன் திரையின் மேல் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் விரலை வைத்தார். “இதுலதான். பூதக்கண்ணாடி படம் போட்டிருந்துச்சு. என்னை மாதிரி தடவித் தடவிப் படிக்கிறவங்களுக்குன்னு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். ஒரு வரி முடிச்சு எண்டர் தட்டினா உள்ள வாங்கிக்கும். அழிச்சிட்டு அடுத்த வரி.”

கிளார்க் தலையில் கை வைத்துக்கொண்டார். “யோவ், அது தேடுற கட்டம்யா.”

அம்மாள் அந்தக் கட்டத்தைத் தட்டினார். அதுவரை அதில் தேடியதெல்லாம் கீழே விரிந்தது. முதலில் இன்றைய நன்றியும் நண்றியும். அவற்றுக்கு அடியில் லோடுமேனின் வரிகள், கடைசி வரி முதலாக, தலைகீழாக. ‘உங்கலைப் போல ஒருத்தர் எங்கே.’ ‘என்னைப் பார்த்து யாறும் சிறிக்க நீங்கள் விடவில்லை.’

அம்மாள் கீழிருந்து மேலாக, சத்தமில்லாமல் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

டிரைவர்தான் பேசினார்: “அப்போ ஒரு வாரமா இந்த மெஷின் உங்களைத்தாம்மா தேடிட்டிருந்திருக்கு.”