சுவிட்சைப் போட்டால் குருவி கத்தியது

எனக்குக் கரண்டைக் கண்டால் பயமில்லை. மனுஷரோடு பேசுவதென்றால்தான் பயம். கோவளத்தில் என் வீட்டு ட்யூப் லைட்டை நானே கழற்றி மாட்டினேன் என்றதும் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எலக்ட்ரீசியனுக்கு போன் பண்ணக் கூச்சம், அவ்வளவுதான்.

ஒரு தடவை பண்ணியும் பார்த்தேன். "அலோ, யாரு?" என்று அந்தப் பக்கம் கேட்டதும் வைத்துவிட்டேன். (அவர் திரும்பக் கூப்பிட்டார். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, அது அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.)

கூடத்து லைட் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. சுவிட்சைப் போட்டால் நெடுநேரம் கண்ணடிக்கும், பிறகு ஓரத்தில் மட்டும் சிவந்துபோய் நிற்கும். என் மகன் சேகர் தினமும் போனில் "சாப்ட்டியா?" என்பதற்கு முன்னால் "லைட்டு மாத்திட்டியா?" என்பான். கூடுவாஞ்சேரியில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். அவன் அப்பா போன பிறகு என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடக் காரணம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இந்த லைட் வாகாக அகப்பட்டது.

"ஒரு லைட்டு மாத்த வழியில்ல, தனியா இருந்துகினு இன்னா பண்ணப்போற? ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரேன். லைட்டு எரிஞ்சா நீ இங்கயே இரு. எரியலன்னா வூட்டப் பூட்டிகினு எங்கூட கெளம்பு."

"சரிப்பா" என்றேன். (பெற்ற பிள்ளையை எதிர்த்துப் பேசவும் எனக்குக் கூச்சம்தான்.)

ஃப்ளாட்டைக் குறை சொல்ல மாட்டேன். மருமகள் வனிதாவும் நல்ல பெண். ஆனால் அங்கே லிஃப்ட் இருக்கிறது. அதற்குள் முன்பின் தெரியாதவர்கள் "எந்த ஃப்ளோர் ஆன்ட்டி?" என்று கேட்கிறார்கள். ஒருமுறை பதில் சொல்ல வெட்கப்பட்டு, அவர்கள் இறங்கின மாடியிலேயே நானும் இறங்கி, மிச்சத்தைப் படியேறிப் போனேன். ஆயுளுக்கும் அப்படிப் படியேற முடியுமா? இங்கே எனக்குச் சொந்த வாசல் இருக்கிறது, கடல்காற்று இருக்கிறது. பக்கத்து வீட்டு மும்தாஜ் இருக்கிறாள். என் பங்குப் பேச்சையும் அவளே சேர்த்துப் பேசிவிடுவாள்.

அதனால் சனிக்கிழமையே கடைக்குப் போனேன். மாட்டியிருந்த எல்இடி லைட்டை விரலால் காட்டினேன். கடைக்காரர் கட்டிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வெற்றி அப்போதே கிடைத்துவிட்ட மாதிரி நடந்து வந்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் ரொம்ப வருஷம் துணி மடித்தேன். அங்கே எலக்ட்ரீசியன்கள் ஏணி போட்டு லைட் மாற்றும்போதெல்லாம் மடிப்பதை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். பேசாதவளுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். மெயினை இறக்கு, டெஸ்டர் வைத்துப் பார், அப்புறம் கை வை. இது எனக்குப் பாராயணம்.

ஞாயிறு மத்தியானம் மெயினை இறக்கினேன். மேசை மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் நான். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ட்யூபைத் திருகி எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். அடுத்து ட்யூபைத் தாங்கியிருந்த பழைய பட்டியின் ஸ்க்ரூவைத் திருகினால், உப்புக் காற்றில் இற்றுப்போயிருந்த அது பொடியாக உதிர்ந்தது. பட்டி மொத்தமும் என் கையோடு வந்தது. கூடவே காலிங் பெல்லையும் இழுத்துக்கொண்டு வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வயரிங் பண்ணினவர் வயரை மிச்சம் பிடிப்பதற்காகப் பெல்லையும் லைட்டை ஒட்டியே மேலே மாட்டியிருந்தார். ஒரே ஓட்டையிலிருந்து லைட்டுக்கு இரண்டு வயர், பெல்லுக்கு இரண்டு வயர். அறுந்து என் முகத்துக்கு நேரே தொங்கிய நாலும் ஒரே சிவப்பு.

அங்கேதான் என் படிப்பு முடிந்தது. நாலையும் உற்றுப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக இருந்த இரண்டும் லைட்டுக்கு, குட்டை இரண்டும் பெல்லுக்கு என்று நானே தீர்ப்புச் சொன்னேன். (லைட் நீளமாக இருக்கிறதே, வயரும் நீளமாகத்தானே இருக்கும்!) முறுக்கி, டேப் சுற்றி, புது லைட்டையும் பெல்லையும் புது ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். குளித்துப் புடவை மாற்றிப் பொட்டும் வைத்துக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் மெயினை ஏற்றி, திறப்பு விழா மாதிரி சுவிட்சைப் போட்டேன்.

"கீச் கீச் கீச் கீச்!"

எங்களுடையது குருவிச் சத்தம் போடுகிற பெல். வாசலில் யாரும் இல்லை. லைட்டும் எரியவில்லை. குருவி மட்டும் நிறுத்தாமல் கத்தியது.

சுவர் தாண்டி மும்தாஜின் குரல் வந்தது. "யக்கா! இன்னா வூட்டுக்குள்ள வேடந்தாங்கலே வந்து எறங்கிக்கீது?"

சுவிட்சை அணைத்தேன். குருவி அடங்கியது. மறுபடி போட்டேன். மறுபடி கத்தியது. அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தேன். மனசுக்குள் லிஃப்ட் கதவு திறந்துகொண்டது.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி கூடம் முழுக்கப் பளீரென்று வெளிச்சம்! எழுந்து நின்று கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

"யம்மா! பெல்லு சத்தமே காணோம்! உள்ள இன்னா பண்ணிகினு கீற?" வெளியே சேகர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் பெல்லை அழுத்தினால் லைட் எரிகிறது. பிறந்ததிலிருந்து நான் சேர்த்துவைத்த சத்தமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"கைய எடுக்காதடா! அப்பிடியே அழுத்திகினு இரு!"

தெருவே திரும்பிப் பார்த்ததாம். கதவைத் திறந்தேன். சேகரின் ஒரு கையில் மடித்த அட்டைப்பெட்டிகள் (என் சாமான்களைக் கட்டத்தான்), இன்னொரு கை பெல்லில். முகத்தில் பேய் பிடித்த மாதிரி முழி. கூட வந்த வனிதா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, நீங்க வாசல்ல நின்னாதான் அத்த வூட்ல வெளிச்சம்!"

சேகர் கையை எடுத்தான். இருட்டு.

"சொன்னேன்ல? எல்லாத்தயும் கெடுத்து வெச்சிகினு கீற. நவுரு, நான் பாக்குறேன்." மெயினை இறக்கிவிட்டு ஸ்டூலில் ஏறினான். வனிதா போன் டார்ச்சைக் காட்டினாள். அவன் டேப்பைப் பிரித்துவிட்டு நெடுநேரம் பார்த்தான்.

"நாலும் செவப்பா கீதே... இதுல எது எதும்மா?"

"தெரியலன்னா எறங்குப்பா" என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம்.

"எலக்ட்ரீசியனுக்கு ஒரு போன் போட்டுரலாம்" என்றபடி இறங்கினான்.

போன் என்றதும் எனக்கு வேகம் வந்தது. புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். குட்டை இரண்டும் லைட்டுக்கு, நீள இரண்டும் பெல்லுக்கு. தப்பு எதுவென்று தெரிந்த பிறகு சரி எதுவென்று கண்டுபிடிக்கவா ஐந்தாம் வகுப்புப் போதாது? டேப்பை இறுக்கச் சுற்றிவிட்டு, மேலிருந்தபடியே, "மெயின ஏத்து. சுவிட்சு போடு" என்றேன்.

போட்டான். லைட் எரிந்தது. கண்ணடிக்கவில்லை, யோசிக்கவில்லை, கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. வனிதா ஓடிப்போய் வாசலில் பெல்லை அழுத்தினாள். குருவி அது கத்த வேண்டிய நேரத்தில் கத்தியது.

ஸ்டூல் மேல் நின்றபடி மகனைக் கீழே பார்த்தேன். அவன் அட்டைப்பெட்டிகளை மெதுவாகச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"பசிக்குதும்மா. இன்னா செஞ்ச?" என்றான். கூடுவாஞ்சேரிப் பேச்சு அதோடு முடிந்தது.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில்தான் இப்போது என் டெஸ்டரும் டேப்பும் ஸ்க்ரூவும் இருக்கின்றன. தெருவில் யார் வீட்டு லைட் மினுக்கினாலும் மும்தாஜ் என்னை இழுத்துக்கொண்டு போகிறாள். பேச்சு அவள் பொறுப்பு, ஸ்டூல் என் பொறுப்பு.

சேகர் இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் பெல்லில் வைத்த விரலை எடுப்பதில்லை. குருவி கத்திக்கொண்டே இருக்க, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பான்:

"யம்மா, கைய எடுக்கலாமா?"

நானும் உள்ளேயிருந்து, கொஞ்சமும் கூச்சப்படாமல் சத்தமாகச் சொல்வேன்:

"எட்றா! உன் தயவுல இல்ல, தானாவே எரியுது!"