முயல் படம் போட்ட குண்டு

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். பள்ளிக்கூடத்துக்குப் போறது, தண்ணித் தாங்கியில நான் பூட்டி வைச்ச பெட்டியை வாற அதிகாரிக்குக் காட்டுறது, அவர் தலையாட்டினதும் ரீ குடிக்கிறது.

இதில பிழை விடுறதுக்கு என்ன இருக்கு எண்டு நானும்தான் நினைச்சனான்.

நான் மன்னார் உப்புக்குளத்து ஆள். படிப்பிச்சது சிலாவத்துறைக்கு அங்கால, சண்டை முடிஞ்சு சனம் அப்பதான் திரும்பி வந்து குடியேறின ஒரு ஊரில. ரோட்டு வந்துகொண்டிருந்தது. கரண்ட் வந்துகொண்டிருந்தது. இது எல்லாத்துக்கும் முதல் கொழும்பில இருந்து 'வடிவமைப்புச் சிந்தனை' எண்டொரு புதுப் பாடம் வந்து சேந்திட்டுது.

கொண்டு வந்த பெருமை என்னைத்தான் சேரும். பயிற்சிக்குப் போய், கலர் கலரா ஒட்டுற கடதாசித் துண்டுகளும், உள்ளங்கையளவு எலக்ட்ரோனிக் போர்ட் ஒண்டும், கொஞ்சம் தலைக்கனமும் கொண்டு வந்தனான். போர்ட் இரவல். தலைக்கனம் சொந்தம்.

எட்டாம் வகுப்பில நிண்டு முழங்கினன். "ஒரு சாமான் செய்ய முதல், அதைப் பாவிக்கப் போற ஆக்களிட்டப் போய்க் கேளுங்கோ. அவையின்ர இடத்தில நிண்டு பாருங்கோ. அதுக்குப் பிறகுதான் செய்யிறதும் கோட் எழுதுறதும்."

பிள்ளையள் எழுதிச்சினம். கோடிங்கும் அப்பிடித்தான், கரும்பலகையில சோக்கால. பள்ளிக்கூடத்தில இருந்த ஒரேயொரு கொம்பியூட்டருக்குள்ள எலி குட்டி போட்டிருந்தது. நல்லாச் செய்யிற பள்ளிக்கூடத்துக்கு லப்டொப் வரும் எண்டு பயிற்சி தந்த திட்டத்துக்காரர் சொல்லியிருந்தினம். பாத்துப் போக வாற அதிகாரிக்குப் பிடிச்சா எங்களுக்கு. பிடிக்காட்டி, ஏற்கெனவே ஒரு அறை நிறைய கொம்பியூட்டர் வைச்சிருக்கிற ரவுண் பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளையள் லப்டொப் வைக்கிறதுக்கெண்டு மேசைகூடத் துடைச்சு வைச்சிட்டினம்.

இப்பிடி ஒரு நேரத்தில பிள்ளையளை நம்பி விடலாமோ? அதுகள் செய்தால் கோணல்மாணலா வரும் எண்டு நானே வீட்டில இருந்து, மச்சானின்ர லப்டொப்பில கோட் எழுதி, ஒண்டைச் செய்தன். பள்ளிக்கூடத்துத் தண்ணி பவுசர் லொறியில வாறது. தாங்கி முடியிறது ஒருத்தருக்கும் தெரியாது. என்ர பெட்டி தண்ணி குறைஞ்சால் சிவப்பு லைற் போட்டு, பீப் பீப் எண்டு கத்தும். நல்ல சாமான்தான்.

பெட்டிக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. மகளின்ர சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தன். போர்ட்டும் பற்றறியும் உள்ளுக்க, வயர் ரெண்டு வெளியில, மூடி கழராமல் கறுப்பு ரேப் சுத்தி, முதல்நாள் பின்னேரம் எல்லாரும் போனாப் பிறகு ஒருத்தருக்கும் சொல்லாமல் கக்கூஸுக்குப் பக்கத்தில இருக்கிற தாங்கியில கட்டிப்போட்டு வந்தன். பிள்ளையளுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும் எண்டு.

இருந்தது.

அடுத்தநாள் பஸ் பிந்திட்டுது. நான் போய் இறங்கேக்க முழுப் பள்ளிக்கூடமும் ரோட்டில, உடை மரத்துக்குக் கீழ வரிசையா நிக்குது. ஒரு பிள்ளை சத்தமில்லை. 

பிரின்சிபல் மிஸ், செபமாலையும் கையுமா ஓடி வந்தா. "சேர், உள்ளுக்குப் போகாதேங்கோ. கக்கூஸ் பக்கம் குண்டு கிடக்காம். ஆமிக்குச் சொல்லியாச்சு."

ஒருத்தர் அது மிதிவெடி எண்டார். இன்னொருத்தர், இல்லை, நேரம் எண்ணுற சாமான், காதால கேட்டனான் எண்டார். ரோட்டால போன ஒருத்தர் பாக்காமலே அதின்ர நிறையைச் சொன்னார். வாசிக்கிற உங்களுக்கு எப்பவோ விளங்கியிருக்கும். கொழும்பில போய்ச் சிந்திக்கப் படிச்ச எனக்கு விளங்கேல்லை. நான் என்ன செய்தன் தெரியுமோ? பயந்த பிள்ளையளுக்குத் தைரியம் சொன்னன்!

கண்டது நிலானியாம். எட்டாம் வகுப்பு, முன் வாங்கில இருக்கிறவள். அந்தப் பிள்ளையளுக்கு எழுத்து வர முதல் வந்த பாடம் கண்ணிவெடிப் பாடம். தொடாதே, கிட்டப் போகாதே, போய்ச் சொல்லு. அவள் சின்ன வகுப்புகளை முதல் வெளியில எடுத்து, விளையாட்டுப் போட்டியில மிஞ்சின சிவப்பு ரிப்பனைத் தடியில கட்டி, அந்த இடத்தைச் சுத்தி எல்லை போட்டு, மிஸ்ஸிட்டச் சொல்லியிருக்கிறாள். பதிமூண்டு வயசில ஒரு பிள்ளைக்கு இது இவ்வளவு நல்லாத் தெரியிறது எனக்குக் கவலையாத்தான் இருந்தது.

ஆமி வந்தது. அதுக்குப் பின்னாலேயே அதிகாரியின்ர வாகனமும் வந்தது. வெள்ளைச் சேட்டோட இறங்கினவர், விசயத்தைக் கேட்டதும் திரும்ப ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியையும் ஏத்திக்கொண்டார்.

ஆமிப் பெரியவர் தூரத்தில நிண்டு குழல் கண்ணாடியால பாத்தார். தமிழ் கொஞ்சம் தெரிஞ்சவர். மிஸ்ஸிட்டச் சொன்னார். "பெட்டி இருக்கு. மஞ்சள். மேல முயல் படம்."

முயல் படம் எண்டதும்தான் எனக்கு விளங்கிச்சுது. காலமை முழுக்க என்ர மனுசி வீட்டில தேடினது, மகளின்ர முயல் படம் போட்ட மஞ்சள் சாப்பாட்டுப் பெட்டியை. "நான் காணேல்லையே" எண்டு சொல்லிப்போட்டு வந்தவனும் நான்தான்.

"பக்கத்தில சின்ன வெடி வைக்கிறது, உடைக்கிறது" எண்டார் ஆமிப் பெரியவர்.

உடைச்சால் பெட்டி மட்டுமோ போகும்? இரவல் போர்ட் போகும். ஊரில இருக்கிற ஒரே பெரிய தாங்கி போகும். லப்டொப் போகும். சொன்னால் நான் போவன். அந்தக் காலத்தில வயர், பற்றறி, கறுப்பு ரேப் மூண்டையும் ஒரே வசனத்தில சொல்லவே ரெண்டு தரம் யோசிப்பம். அதை ஆமியிட்டப் போய், என்ர எண்டு எப்பிடிச் சொல்லுறது?

துடைச்சு வைச்ச மேசையள் ஞாபகத்துக்கு வந்திச்சுது. கையைத் தூக்கினன். ஒண்டுக்குப் போகக் கேக்கிற பிள்ளை மாதிரி.

"அது என்ர."

ஆமிப் பெரியவர் குழல் கண்ணாடியை இறக்கினார். "மாஸ்டர், ஒங்கடயா?"

"ஓம். தண்ணி குறைஞ்சால் கத்தும்."

"அப்ப நீங்களே போய் எடுங்க" எண்டார்.

நடந்தன். நானே செய்த பெட்டி, நானே எழுதின கோட், எண்டாலும் நிலத்தைப் பாத்துப் பாத்துத்தான் கால் வைச்சன். ரிப்பனைத் தாண்டி, பெட்டியைக் கழட்டி, அங்கயிருந்தே எல்லாருக்கும் தூக்கிக் காட்டினன். பாத்தீங்களோ, ஒண்டுமில்லை எண்டு சிரிச்சுக்கொண்டு நிப்பாட்டுற பொத்தானை அமத்தினன்.

சாமானை நிப்பாட்டேக்க பாவிக்கிற ஆளுக்கு மனசுக்கு இதமா ஒரு சத்தம் வரோணும் எண்டு பயிற்சியில சொல்லித் தந்தவை. நான் எழுதின சத்தம் மெல்லத் தொடங்கி, ஏறி ஏறி, கடைசியில வீல் எண்டு முடியும்.

ஷெல் வருகுது எண்டு முழுப் பள்ளிக்கூடமும் ஒரே நேரத்தில நிலத்தில குப்புறப் படுத்திட்டுது. மிஸ் படுத்திட்டா. அப்பதான் ஒண்டுமில்லையாம் எண்டு வாகனத்தால இறங்கின அதிகாரியும் படுத்திட்டார். அவர் படுத்த இடத்தில ஆட்டுப் புழுக்கை.

எழும்பின அதிகாரி வெள்ளைச் சேட்டைத் தட்டித் தட்டிப் பாத்தார். கறை போகேல்லை. லப்டொப் ரவுண் பக்கம் போறது என்ர கண்ணுக்கு வடிவாத் தெரிஞ்சுது.

"இதுதானோ உங்கட வடிவமைப்புச் சிந்தனை?" எண்டார்.

நான் வாயைத் திறக்க முதல் நிலானி முன்னால வந்தாள். "சேர், நீங்கள்தானே சொன்னனீங்கள், பாவிக்கிற ஆக்களிட்ட முதல் கேக்கோணும் எண்டு. தண்ணி குடிக்கிறது நாங்கள். எங்களிட்டக் கேட்டனீங்களோ?"

எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது. அதிகாரி முதல்தரமாச் சிரிச்சார். நீயெண்டால் எப்பிடிச் செய்வாய் எண்டு அவளைக் கேட்டார். முதலாம் வகுப்புப் பிள்ளையளிட்டப் போய், எந்தச் சத்தம் கேட்டால் பயமில்லை எண்டு கேப்பன் எண்டாள். அதிலயே நிண்டு கேக்கவும் செய்தாள். காலமையில பாண், பணிஸ் விக்க வாற ஓட்டோவின்ர பாட்டு எண்டு எல்லாம் ஒரே குரலில சொல்லிச்சுதுகள்.

லப்டொப் வந்தது. கூடவே எனக்கொரு அறிவித்தலும் வந்தது, அதே பயிற்சியை முதலில இருந்து திரும்பப் படிக்கச் சொல்லி.

பிள்ளையள் புதுசா ஒண்டு செய்திச்சினம். உள்ளுக்க இருக்கிறது வெளியில தெரியிற இனிப்புப் போத்தல். ரேப் இல்லை. கொஞ்சம் கோணல்தான். தண்ணி குறைஞ்சால் பாண் பாட்டுப் போகும், முடிய முதல் பிடிக்கப் பெடியள் வாளியோட ஓடி வருவாங்கள். மேல ஒரு லேபல்: 'இது சேரின்ர சாமான். வெடிக்காது.' சிங்களத்திலயும் இருக்கு. அது அந்த ஆமிப் பெரியவரே எழுதிக் குடுத்தது.

முயல் பெட்டியை மகள் திரும்பத் தொடமாட்டன் எண்டிட்டாள். அதிலதான் இனி உங்களுக்குச் சோறு எண்டு மனுசி தீர்ப்புச் சொல்லிப்போட்டா. பிள்ளையள் பாவம் பாத்து அதுக்கும் ஒரு லேபல் ஒட்டிவிட்டினம், 'வெடிக்காது' எண்டு.

அண்டையில இருந்து, அந்தப் பெட்டியோட நான் ஏறுற மன்னார் பஸ்ஸில எவ்வளவு சனம் நெரிஞ்சாலும், என்ர பக்கத்து சீற் மட்டும் காலியாத்தான் கிடக்குது.